கிழக்கு வரிசையில் ஓர் இடம்

உட்காருங்கள் அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், அதன் பின்கால் ஒன்று சரியாக நிற்காது. இதில் உட்காருங்கள். ஃபாதர் நோயில்பூசுதலுக்குப் போயிருக்கிறார். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பெரியவருக்கு மூச்சு இழுக்கிறதாம். வந்துவிடுவார். வந்ததும் உங்கள் அப்பாவின் அடக்கச் சான்றிதழில் கையெழுத்து வாங்கித் தருகிறேன். மற்றதெல்லாம் முடித்துவிட்டேன், சீல்கூட வைத்தாயிற்று.

இல்லை, எனக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை. இங்கே காத்திருக்கிறவர்கள் எல்லாரும் எதையாவது கேட்பார்கள். கோயில் எப்போது கட்டியது என்று கேட்பார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். கழிப்பறைச் சாவி கேட்பார்கள். ‘உங்க அப்பா இருக்காரா’ என்று யாரும் கேட்டதில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அதனால் கேட்கமாட்டார்கள். நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு எப்படித் தெரியும்?

இல்லை அக்கா. போன வருடம் பெரிய வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார். நீங்கள் அப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். நான் ஒன்றும் அழப்போவதில்லை. அன்றைக்கும் அழவில்லை. அதைத்தான் ஊரில் ஒரு குறையாகச் சொல்கிறார்கள். செலின் அத்தை, அவர் என் அப்பாவின் அக்கா, இன்றைக்கும் என்னைத் தெருவில் பார்த்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். கல் நெஞ்சாம். சர்ச் ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கல் நெஞ்சாகிவிட்டதாம்.

நான் என்ன செய்தேன்? யாருக்கும் என்ன சொல்வேனோ அதைத்தான் அத்தைக்கும் சொன்னேன்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியாது. பார்த்தால் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். ஞானஸ்நானச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், பூசைக் கருத்து எழுதுவது, கல்யாண ஓலை தட்டச்சு செய்வது, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு தயார் செய்வது. மைக் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பூ அலங்காரத்துக்கு யார் முறை என்று இரண்டு பெண்கள் சண்டை போட்டால் அதுவும் இங்கேதான் வரும். கல்லறைத் தோட்டமும் என் பொறுப்பு. பி.காம். முடித்ததும் வந்தேன். வேறு வேலை கிடைக்கும்வரை என்றுதான் வந்தேன். இங்கே பேச வேண்டியது குறைவு, அது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. நாம் அதைச் சொன்னால் போதும்.

ஒரு நிமிடம் அக்கா, போன்.

சர்ச் ஆபீஸ், சொல்லுங்க... நாளைக்குக் காலையில இடமில்லங்க. சாயங்காலப் பூசைக்கு வச்சுக்கலாம்... நன்றியா, ஆன்ம இளைப்பாற்றியா?... யாருக்கு?... சரிங்க, குறிச்சுக்கிட்டேன்.

இப்படித்தான். நாள் முழுக்க இப்படித்தான். அன்றைக்கும் இப்படித்தான் போன் வந்தது.

பெரிய வெள்ளி காலை. நான் சீக்கிரமே வந்து சிலுவைப்பாதைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வருடத்தில் எனக்கு அதிக வேலை இருக்கிற வாரம் அதுதான். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு தாளை அடுக்கினேன்.

“ஆபீசுங்களா? இங்க ஒரு சாவுங்க.”

“பேரு சொல்லுங்க.”

“சேசுராஜ்.”

“வயசு?”

“அறுபது, அறுபத்தொண்ணு இருக்கும்.”

“எந்த அன்பியம்?”

அன்பியம் என்றால் தெருவாரியாக நாங்கள் குடும்பங்களைப் பிரித்து வைத்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் இருக்கும்.

“ரயில்வே கேட்டுக்கு அந்தாண்டங்க. சவேரியார் அன்பியம்.”

“நோயில்பூசுதல் குடுத்தாச்சா?”

“சாமியாரக் கூப்பிடட்டுமான்னு கேட்டோம். அவரு வேணாம்னுட்டாருங்க. மணி அடிச்சிருவீங்களா?”

“இன்னைக்கு மணி கிடையாதுங்க. ஈஸ்டர் பாஸ்கா முடியிற வரைக்கும் மணி அடிக்க மாட்டோம். பூசையும் கிடையாது. மந்திரிச்சு அடக்கம் மட்டும்தான்.”

“அய்யோ. நாளைக்கு?”

“நாளைக்கும் கிடையாதுங்க. திங்கக்கிழமைக்குத் தள்ளி வைக்க முடியுமா?”

“எங்கங்க? சர்க்கரையில காலெல்லாம் அழுகிப் போச்சு. உடம்பு தாங்காது. இன்னைக்கே எடுத்துரணும்.”

“சரி. மனைவி பேரு?”

அந்த ஆள், “எதச் சொல்றது?” என்றார்.

“கோயில்ல கல்யாணம் பண்ணவங்க பேரு.”

“அமலோற்பவம்.”

எழுதினேன். “உயிரோட இருக்காங்களா?”

“இல்லைங்க. அது செத்து ரொம்ப வருசமாச்சு.”

“பிள்ளைங்க?”

“ஒரே பொண்ணு. உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்குதாம்.”

நான், “சரிங்க, குறிச்சுக்கிட்டேன்” என்றேன். வைத்துவிட்டேன்.

பெயரைக் கேட்டபோதே தெரியவில்லையா என்றுதானே பார்க்கிறீர்கள்? எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். எங்கள் பங்கில் சேசுராஜ் என்ற பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் அக்கா. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் என்று சொன்னபோதாவது? தெரிந்திருக்கலாம். போனில் நான் ஆளைக் கேட்பதில்லை, அடுத்த கேள்விக்குப் பதில் வருகிறதா என்றுதான் கேட்கிறேன். அப்படிப் பழகிவிட்டது. அம்மாவின் பெயரையும் அப்படித்தான் எழுதினேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. பிறகு மிச்சத் தாள்களையும் அடுக்கினேன். அடுக்கி முடித்துவிட்டுத்தான் ஃபாதரிடம் போய்ச் சொன்னேன்.

“ஃபாதர், ஒரு சாவு. இன்னைக்கே அடக்கம் வேணுமாம்.”

“இன்னைக்கா? யாரு?”

“சவேரியார் அன்பியம். சேசுராஜ்.” பிறகு, “எங்க அப்பா” என்றேன்.

ஃபாதர் இக்னேஷியஸ் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். “நீ வீட்டுக்குப் போம்மா” என்றார். எந்த வீட்டுக்கு என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஹாஸ்டலில் இருக்கிறேன். அதனால் இங்கேயே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா எங்களை விட்டுப் போனபோது நான் ஆறாம் வகுப்பு. தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தார். அங்கேயே வேலை செய்த பவுலின் என்ற அம்மாவோடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டார். அந்த அம்மாவின் புருஷன் அதற்கு முன்பே எங்கோ போய்விட்டானாம். தூரம் ஒன்றும் இல்லை. சைக்கிளில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். ஆனால் அந்த கேட்டை நான் தாண்டியதில்லை. அவரும் இந்தப் பக்கம் வந்ததில்லை. சண்டை எதுவும் இல்லை. அவர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

எங்கள் அம்மாவும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. வருடத்துக்கு ஒருமுறை வீடு மந்திரிக்கச் சாமியார் வருவார் இல்லையா, குடும்ப அட்டையைப் பார்த்து, “குடும்பத் தலைவர் எங்கம்மா?” என்று கேட்பார். அம்மா, “வேலைக்குப் போயிருக்காரு சாமி” என்பார். வருடா வருடம் கேட்பார்கள். வருடா வருடம் வேலைக்குப் போயிருப்பார். கூட வந்திருக்கிற உபதேசியாருக்குத் தெரியும், பீடப்பையன்களுக்குக்கூடத் தெரியும். எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாமியார் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். அம்மாவுக்குப் புற்று வந்து படுத்திருந்தபோதும் அந்த வருடம் அப்படியேதான் சொன்னார். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அம்மா இறந்துவிட்டார். அடக்கப் பூசைக்கு அப்பா வந்திருந்தார் என்று சொன்னார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, கல்லறைக்கு வராமல் போய்விட்டாராம். நான் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செலின் அத்தை கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார். தலைவிரிகோலமாக வந்தார். உள்ளே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் நின்றுகொண்டிருந்தேன். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார். ஃபாதர் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றார். வாசலில் சந்தியாகு கடப்பாரையோடு நின்றார். அவர்தான் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர். வெயில் ஏறிவிட்டால் மண் இறுகிவிடும் என்று அவருக்கு அவசரம்.

“எங்க வெட்டட்டும்னு சொல்லிருங்க சாமி” என்றார்.

அத்தை, “அமலோற்பவம் கல்லறையில வைங்க” என்றார்.

அக்கா, இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. சிமெண்ட் போட்டுக் கட்டாத மண் கல்லறையாக இருந்தால், பல வருடம் கழித்து அதே குடும்பத்தில் இன்னொருவர் இறக்கும்போது அதைத் திறந்து, பழைய எலும்புகளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, புதியவரை வைப்போம். புருஷன், பெண்சாதி, பிள்ளைகள், இவர்களுக்குத்தான் அந்த உரிமை. உள்ளே இருக்கிறவரின் பிள்ளைகள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி இல்லை என்றால் புது வரிசையில் அடுத்த இடம் எதுவோ அது. யாருக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கிற வழக்கம் கிடையாது. பணக்காரர், ஏழை எல்லாரும் வரிசைப்படிதான்.

நான் ஃபாதரைப் பார்த்துச் சொன்னேன், “பதினாலு வருசம் ஆகணும் ஃபாதர். எட்டு வருசம்தான் ஆகியிருக்கு.”

“ஏன், போன மழையில இன்னாசி வீட்டுக்குப் பத்து வருசத்துல தொறந்தீங்களே?” என்றார் அத்தை. அவருக்கு எல்லாம் தெரியும்.

“அது அவங்க எழுதிக் கேட்டாங்க.”

“நானும் எழுதித் தர்றேன். பேப்பர் குடு.”

“நீங்க எழுதக் கூடாது அத்தை. மகதான் எழுதணும்.”

“நீ யாரு?”

“மக.”

“அப்ப எழுதுடி!”

“நான் எழுதல.”

அத்தை ஃபாதரைப் பார்த்தார். “கேட்டீங்களா சாமி? பெத்த அப்பன். இப்படித்தான் வளத்து வச்சிருக்கா அவ.” பிறகு குரலை இறக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார். “ஜெனி, யோசிச்சுப் பாரு. அவன் அந்தப் பொம்பள வீட்ல செத்துட்டான். அது நம்ம கையில இல்ல. ஆனா வைக்கிறதயாவது கோயில்ல தாலி கட்டினவ கூட வச்சம்னா, நாளைக்கு யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. கல்லுல ரெண்டு பேரு பேரும் ஒண்ணா இருக்கும். உனக்கும் நாளைக்கு ஒரு கல்யாணம் காச்சின்னு வந்தா மரியாதையா இருக்கும்ல?”

நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

“உங்கம்மா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பா தெரியுமா? மண்ணைத் தானே தள்ளிக்கிட்டு அவனுக்கு இடம் விட்டிருப்பா.”

“அம்மா இல்லையே அத்தை” என்றேன்.

அதைத்தான் இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கிறார்களா, திட்டுகிறார்களா தெரியவில்லை. ‘அம்மா இல்லையேன்னுச்சாம் அந்தப் பிள்ளை.’ நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? அம்மா இல்லை. இருந்தால் அவரிடமே கேட்டிருக்கலாம். அம்மா சரி என்றுதான் சொல்லியிருப்பார், அத்தை சொன்னது பொய் இல்லை. அம்மா அப்படித்தான். அதனால்தான் அவரைக் கேட்காமல் இருப்பது நல்லது.

சந்தியாகு வாசலிலிருந்தே, “எட்டு வருசத்துல மக்கியிருக்குமான்னு உறுதி சொல்ல முடியாது பாப்பா. அந்தப் பக்கம் ஈர மண்ணு” என்றார். என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஃபாதருக்கும் புரிந்தது. அத்தை காதில் வாங்கவில்லை.

என் வருத்தம் ஃபாதரிடம்தான். அவரைப் பற்றி நான் குறை சொல்லக் கூடாது. ஆனால் இந்தப் பங்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என்ன கலரில் வாங்க வேண்டும் என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்வார். பீடத்தில் எந்தப் பக்கம் மல்லிகை, எந்தப் பக்கம் செவ்வந்தி என்பதுகூட அவர்தான். அன்றைக்கு மட்டும், “இது உன் குடும்ப விஷயம்மா. நீ என்ன சொல்றியோ அதான். நல்லா யோசிச்சுச் சொல்லு” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு விதி சொல்லுங்கள் ஃபாதர் என்று நான் மனதில் கேட்டுக்கொண்டே இருந்தேன். பதினாலு வருடம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை அடங்கியிருப்பார். அவர் சொல்லவில்லை.

நான் யோசிக்கவும் இல்லை. யோசிப்பதற்கு முன்பே, “புது வரிசை. கிழக்கு சுவரோரம். வெட்டுங்க” என்று சந்தியாகுவிடம் சொல்லிவிட்டேன். அவர் போய்விட்டார். கடப்பாரை சிமெண்ட் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. அத்தை எழுந்து என்னைப் பார்த்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மணி இல்லை, பேண்டு இல்லை, பாட்டும் இல்லை. உபதேசியார் சிலுவையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. யாரோ ஒருவர், “என்னப்பா இது, திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கு” என்றார். பெரிய வெள்ளி என்றால் அப்படித்தான், அதற்கு யார் என்ன செய்வது? அன்றைக்கு ராஜா இறந்தாலும் அப்படித்தான்.

நான் கல்லறைத் தோட்டத்தின் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். எப்போதும் அங்கேதான் நிற்பேன், பூட்டைத் திறந்துவிட்டுப் பிறகு பூட்ட வேண்டும் இல்லையா? கூட்டத்தின் கடைசியில் பவுலின் வந்தார். அவராகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. ஒல்லியான ஆள். கையில் ஒரு ஃபிளாஸ்க் வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவர்கள் கையில் இருக்குமே, அந்த மாதிரி. எதற்கு அதை எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அத்தை உள்ளேயிருந்து திரும்பி வந்து, “நீ இங்கயே நில்லு. உள்ள கால வைக்காத” என்றார். அந்த அம்மா சரி என்றார். அவ்வளவுதான். சண்டை போடுவார் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மெழுகுவர்த்தி விற்கிற கடை அன்றைக்கு அடைத்திருந்தது. அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் என்ன செய்திருக்க முடியும்? கேட்டைப் பூட்டுவதும் திறப்பதும்தான் என் வேலை. யார் உள்ளே போகலாம் என்று சொல்வது என் வேலை இல்லை.

மகள் மண் போட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ரொம்ப மெலிந்திருந்தார். ஷேவ் பண்ணி விட்டிருந்தார்கள், தாடைக்குக் கீழே கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. சட்டைக்கு நன்றாக இஸ்திரி போட்டிருந்தது. காலர்கூட மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை யார் போட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. ஒரு கை மண் எடுத்துப் போட்டேன். மண் சூடாக இருந்தது. திரும்ப வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். எல்லாரும் போனதும் பூட்டினேன். படியில் யாரும் இல்லை.

சாயங்காலம் சிலுவை வழிபாடு. உங்களுக்குத் தெரியும்தானே, எல்லாரும் வரிசையாக வந்து சிலுவையின் பாதத்தை முத்தி செய்வார்கள். ஒவ்வொருவர் முத்தி செய்ததும் அந்த இடத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். பீடப்பையன்களை விட்டால் சிரிப்பார்கள் என்று ஃபாதர் பெண்கள் வரிசைக்கு என்னைப் போட்டிருந்தார். அன்றைக்கு, “வேணாம் ஜெனி, நீ போ. வேற யாரையாவது போட்டுக்கறேன்” என்றார். நான்தான் இருக்கிறேன் என்றேன். வேறு யாருக்கும் சரியாகத் துடைக்கத் தெரியாது. எண்ணெய்ப் பிசுக்கு, பவுடர், குங்குமம், எல்லாம் இருக்கும். மற்ற மதத்துக்காரர்களும் வருவார்கள் இல்லையா? எல்லாரும் வருவார்கள். நற்கருணை வாங்கக் கூடாதவர்களும் வருவார்கள். அன்றைக்கு யாரையும் தடுப்பதில்லை.

குனிவார்கள், முத்துவார்கள், எழுந்திருப்பார்கள், நான் துடைப்பேன். அத்தையும் வந்தார். என்னைப் பார்க்காமல் முத்திவிட்டுப் போனார். துடைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்துப் பவுலின் வந்தார். முட்டி போட்டார். பாதத்தில் முகத்தை வைத்தார். எழுந்திருக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். சேலை மாற்றவில்லை. டெட்டால் வாசனை வந்தது.

முகத்தை எடுக்காமலே, “ஏம்மா, எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

எனக்கு முதலில் என்னைத்தான் கேட்கிறார் என்று தெரியவில்லை.

“உள்ள விடல. எங்கன்னு தெரியல” என்றார்.

“கிழக்கு வரிசை. கடைசியில” என்றேன்.

“அவங்க கூட இல்லையா?”

“இல்ல.”

“ஏதாவது அடையாளம் இருக்கா?”

“சுவரோரமா தண்ணிப் பைப்பு இருக்கும். அதுக்கு நேரா.”

“நகருங்கம்மா” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அந்த அம்மா எழுந்திருக்க முயன்றார், முட்டி பிடித்துக்கொண்டது. நான் கை கொடுத்தேன். சிலுவை சாய்ந்துவிடக் கூடாது என்றுதான் கொடுத்தேன், அவர் சிலுவையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

அப்போது நான், “பக்கத்துல இடம் இருக்கு” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கேட்கிறவர்களுக்கு ஆபீஸில் சொல்வதுதான். எந்த வரிசை, எந்தப் பக்கம், அடுத்தது காலியா. தகவல்தானே! அந்த அம்மா என்னைப் பார்த்தார். அவ்வளவு பக்கத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. பிறகு போய்விட்டார். நான் துடைத்தேன். துணி ரொம்ப நனைந்திருந்தது. இன்னொரு துணி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவ்வளவுதான் அக்கா நடந்தது. இதில் கல் நெஞ்சு எங்கே வந்தது? அப்பா என்பதற்காக நான் யாருக்கும் சலுகை செய்யவில்லை. எல்லாருக்கும் புது வரிசை என்றால் அவருக்கும் புது வரிசை. அத்தைக்கு அது புரியவில்லை. கல்லறைத் திருநாளுக்கு நான் அம்மாவின் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி வைத்தேன். அதற்குப் பிறகு கேட்டில் வேலை இருந்தது. கிழக்குப் பக்கம் போகவில்லை. பவுலின் வந்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தது கேட்டிலிருந்தே தெரிந்தது. பிறகு பக்கத்து இடத்தில் வெறும் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். யாரும் எழுப்பவில்லை.

அந்த இடமா? இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இல்லை, சாவு வராமல் எப்படி இருக்கும்? வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்பாவை வைத்த அடுத்த வாரமே ஒன்று வந்தது. வரிசைப்படி அந்த இடம்தான். சந்தியாகு வந்து, “அடுத்ததுலயே வெட்டிறட்டுமா பாப்பா?” என்றார். “அதுல பாறை இருக்கு. தள்ளி வெட்டுங்க” என்றேன். அவர் மீசை முளைக்காத காலத்திலிருந்து அந்த மண்ணை வெட்டுகிறவர். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, “ஆமாமா, பாறைதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபாதரும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, வரிசையில் நடுவில் ஏன் ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டார். அவரிடமும் பாறை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பாறைதான் அக்கா. நான் எதற்குப் பொய் சொல்லப்போகிறேன்? அந்தப் பக்கம் நான் போவதே இல்லை.